ஐம்பதைத் தாண்டுகிறவர்களுக்கு

பள்ளியில் என்னோடு வேலை பார்த்த இளைய ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் பணி நிறைவு பெறும் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். விழா முடிந்து, மாலையும் சால்வையும் வாங்கிய சில நாட்களில் வீட்டுக்கு வருகிறார்கள். காபியைக் கையில் வாங்கியதுமே, "இனிமே என்ன டீச்சர் பண்றது?" என்று கேட்கிறார்கள். ஓய்வு நாள் என்று ஒன்று இல்லாத தையற்காரர்களும் கடைக்காரர்களும் இல்லத்தரசிகளும்கூட ஐம்பதைத் தொட்டதும் வேறு சொற்களில் இதையேதான் கேட்கிறார்கள். நான் எழுபதைக் கடந்தவள். கணக்கு டீச்சர் என்பதால் எண் போட்டுச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

1. "வயசாயிடுச்சு" என்பதை எதற்கும் காரணமாகச் சொல்லாதீர்கள்.

ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் நீச்சல் பழகப் போனால், "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்க நம் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதைவிட, நமக்கு நாமே அப்படிக் கேட்டுக்கொள்வதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஐம்பது வயதைத் தாண்டிய 660 பேரிடம் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு யேல் பல்கலைக்கழக உளவியலாளர் பெக்கா லெவி அந்தப் பதிவுகளை எடுத்து, யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். 2002இல் வெளிவந்த ஆய்வு அது.

நினைப்பு எப்படி ஆயுளைக் கூட்டும் என்று கேட்பவர்கள், எந்தத் தெருவிலும் அதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். முழங்கால் வலி வந்ததும் "வயசு" என்று முடிவு கட்டுகிறவர் மருத்துவரிடம் போவதில்லை. நடப்பதைக் குறைக்கிறார். நடை குறைந்தால் எடை ஏறுகிறது, எடை ஏறினால் வலி கூடுகிறது. "நான் சொன்னேன்ல, வயசு" என்று அப்போது திருப்திப்பட்டுக்கொள்கிறார். வலி வந்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கும், மருந்தும் இருக்கும். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. வேலையை விட்டுவிடாதீர்கள். உடம்புக்குத் தக்கபடி அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

மதுரைக்காரர்கள் டாக்டர் கோ. வெங்கடசாமியை மறக்க முடியாது. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். இராணுவத்தில் மருத்துவராகச் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். முப்பது வயதிலேயே முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. மூட்டுகள் வீங்கி, விரல்கள் கோணி, பேனா பிடிப்பதே கடினமாகிவிட்டது. பிரசவம் பார்க்கிற கனவு அங்கே முடிந்தது. மருத்துவத்தை அவர் விடவில்லை, கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியை எப்படிப் பிடிப்பது என்று புதிதாகப் பழகினார். அந்தக் கைகளால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார்.

அரசுப் பணியில் அவருக்கு 58 வயதில் கட்டாய ஓய்வு வந்தது. அது 1976. அதே ஆண்டில் தம்பி தங்கைகளையும் அவர்களின் துணைவர்களையும் சேர்த்துக்கொண்டு, மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுத்தார், முடியாதவருக்கு இலவசமாகச் செய்தார்கள். அதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வந்ததால் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. அதை இங்கேயே செய்ய 1992இல் ஆரோலேப் ஆலை எழுந்தபோது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. 2006இல் அவர் காலமானார். அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணமான வேலைகள் முக்கால்வாசியும் 58க்குப் பிறகு நடந்தவை.

நம்மால் மருத்துவமனை கட்ட முடியாது, சரி. எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். கண் மங்கத் தொடங்கியதும் வீட்டில் எல்லோரும் "தச்சது போதும்" என்றார்கள். அவர் மிஷினைத் தெருப்பக்க ஜன்னலோரம் மாற்றினார். ஊசி முனைக்கு நேராக ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கைக் கட்டினார். கைத்தையலுக்கு நூல் கோர்ப்பதுதான் பெரிய சிரமம். அதற்கும் வழி வைத்திருக்கிறார். பேத்தி காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் வெவ்வேறு நிற நூல்களை ஊசிகளில் கோர்த்து, ஒரு பழைய மெத்தைத் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் பார்த்தால் அந்தத் துண்டு காலியாக இருக்கும். சன்ன வேலைப்பாடுள்ள கல்யாண ரவிக்கைகளை இப்போது வாங்குவதில்லை. தலையணை உறை, பள்ளிச் சீருடை, சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது என்று எடுத்துக்கொள்கிறார். மத்தியானத்தில் இரண்டு பெண்களுக்குக் கட்டிங் சொல்லித்தருகிறார். வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அவர் வீட்டு வாசலுக்கு வேலை கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை.

உங்கள் வேலையையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பகுதி உடம்பை வருத்துகிறது, எது இன்னும் சுலபமாக வருகிறது, எதற்கு இன்னொருவர் கை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதல் பகுதியை விடுங்கள், இரண்டாவதைப் பெருக்குங்கள், மூன்றாவதற்குக் கூச்சமில்லாமல் ஆள் தேடுங்கள்.

3. ஓய்வு நாளுக்கு முன்பே தொடங்குங்கள்.

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58 ஆக இருந்து, 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது. அந்தக் கூடுதல் காலத்தில் பின்னால் என்ன செய்வது என்று யோசித்து வைத்தவர்கள் மிகச் சிலர்தான். அலுவலகத்தில் இருக்கும்போதே வாரத்தில் ஒரு மாலையை அடுத்த வேலைக்கு ஒதுக்குங்கள். தோட்டமோ மொழிபெயர்ப்போ மிருதங்கமோ ஊர் நூலகமோ எதுவானாலும் சரி. ஓய்வு பெற்ற மறுநாள் காலை எட்டரை மணிக்குப் போவதற்கு ஓர் இடம் இருக்கவேண்டும். முதல் ஆறு மாதம் "நல்லா ஓய்வெடுத்துட்டு அப்புறம் பாக்கலாம்" என்றவர்களில் பலர் உட்கார்ந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

4. கண்ணையும் காதையும் பல்லையும் சரிசெய்துகொண்டு பிறகு மனதைப் பற்றிப் பேசுங்கள்.

நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். கண்ணாடி போட்டால் தீர்ந்தது. கண்புரைக்கு இன்று சின்ன அறுவை சிகிச்சை போதும். அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் இலவசமாகவே செய்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடக் கூசாத நாம், காதுக்கு மட்டும் கருவி வைக்கக் கூசுகிறோம். இதுதான் எனக்கு ஆற்றாமை. காது மந்தமானவர் முதலில் கல்யாண வீட்டுப் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். பிறகு சாப்பாட்டு நேரப் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். கேட்காததற்கெல்லாம் தலையாட்டுகிறார். "அப்பாவுக்கு எதிலயும் பிடிப்பில்லை" என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நடு வயதில் கவனிக்காமல் விட்ட காது மந்தம் பிற்கால மறதி நோய்க்கான முக்கியக் காரணிகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2020இலும் 2024இலும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. காது கேட்காதது தனிமையையும் கூடவே கொண்டுவருகிறது.

பல்லைப் பற்றி ஒன்று மட்டும். மெல்ல முடியாதவர்கள் இட்லியிலும் ரசம் சாதத்திலுமே காலம் தள்ளுகிறார்கள். அது அடுத்த எண்ணில் சொல்லப்போவதைக் கெடுக்கும்.

5. நடந்தால் மட்டும் போதாது, தசைக்கு வேலை கொடுங்கள்.

காலை நடைக்குப் போகும் பழக்கம் நம் ஊர்களில் பரவியிருக்கிறது, மகிழ்ச்சி. வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று மூச்சு வாங்கும்படி உடலை இயக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதே பரிந்துரையில் இன்னும் இரண்டு உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று நாள் உடல் சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும். இந்த இரண்டும் நம் காதில் விழுவதே இல்லை. வயதானவரைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் வலுவிழந்த தொடைதான். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தால், பலருக்கு அதோடு பழைய வாழ்க்கை முடிந்துவிடுகிறது.

"இனிமேலா?" என்று கேட்காதீர்கள். பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் நடுவில் நின்றுவிட்டார், மற்றவர்கள் முடித்தார்கள். தொடைத் தசையின் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு அது. தொண்ணூறில் முடிந்தது ஐம்பத்தைந்தில் முடியாதா?

ஜிம்முக்குப் போகத் தயங்கினால் வீட்டில் கை வைக்காத மர நாற்காலி ஒன்று போதும். அதைச் சுவரோரம் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். எதையும் ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழாமல் உட்காருவதில்தான் தசைக்கு வேலை இருக்கிறது. ஐந்து முறை செய்ய முடிந்தால் ஐந்து. ஒரு மாதத்தில் பத்தாக்குங்கள். இதய நோயோ மூட்டுத் தேய்மானமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கவேண்டும். சாப்பாட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, சுண்டல், பயறு, தயிர், முட்டை, மீன் என்று வழக்கத்துக்கு ஏற்றதைக் கூட்டுங்கள். குளியலறையில் இன்றே ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள். எழுபதில் அடிப்பதற்கென்று தள்ளிப்போட வேண்டாம்.

6. ஒன்றை முதலிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

பெயர்கள் நாக்கு நுனியில் வந்து நிற்பதும், அறைக்குள் போனபின் எதற்கு வந்தோம் என்று யோசிப்பதும் எல்லோருக்கும் உண்டு. வேகம் குறைகிறது, உண்மைதான். சொல்வளமும் அனுபவத்தால் வரும் நிதானமும் அறுபது வரைக்கும் அதற்கு மேலும் வளர்கின்றன. ஆகவே கற்க நேரம் கூடுதலாகும், கற்பது நிற்காது. கேரளத்து ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா என்ற பாட்டி 2018இல், தம் 96ஆவது வயதில், மாநில எழுத்தறிவுத் தேர்வை எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். வாழ்நாள் முழுக்கக் கோயில்களைக் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர். அவர் வென்றதைவிட, பரீட்சை மண்டபத்தில் பேரப்பிள்ளை வயதுக்காரர்களோடு பெஞ்சில் உட்காரத் துணிந்தாரே, அதைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். தெரியாதவராக இன்னொருவர் முன் உட்காரும் பழக்கம் நமக்குப் பதவி உயர உயரப் போய்விடுகிறது. அதை மீட்டுக்கொள்ளுங்கள்.

7. வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் நல்லவர்களாகவே இருந்தாலும் இதைச் சொல்வேன். குடியிருக்கும் வீடும், மாதச் செலவுக்கான பணமும் உங்கள் பெயரில் இருக்கட்டும். கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், கடைசிவரை எங்களைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்கவேண்டும். சேமிப்பை எங்கே போடுவது என்று குழம்புகிறவர்கள், அறுபது ஆனதும் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை விசாரியுங்கள். 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று வருகிறவர் சொந்தக்காரரே ஆனாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

8. ஆண்களே, சமையலறைக்குள் வாருங்கள்.

கணவருக்கு ஓய்வு வந்ததும் மனைவிக்கு வேலை இரட்டிப்பாகிறது. பத்து மணிக்கு ஒரு காபி, பதினொன்றுக்கு "என்ன சமையல்?", மத்தியானத் தூக்கத்துக்கு இடைஞ்சலாக டிவி. வீட்டு வேலைக்குப் பணி நிறைவு விழாவும் கிடையாது, சால்வையும் கிடையாது. மாதவிடாய் நிற்கும் வயதில் தூக்கம் கெட்டு, உடம்பு கொதித்து, எரிச்சலோடு போராடுகிற பெண்ணுக்கு அதைச் சொல்லக்கூட வார்த்தை கிடைப்பதில்லை. எலும்பு வேகமாகத் தேய்வதும் அந்த ஆண்டுகளில்தான். தங்கைகளே, மகளிர் மருத்துவரை ஒருமுறை பாருங்கள், சகித்துக்கொள்வது சிகிச்சை ஆகாது. தம்பிகளே, காலைச் சிற்றுண்டியை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இருவரில் ஒருவர் தனியே இருக்க நேரும். அன்றைக்குச் சோறு வடிக்கத் தெரியாதவர் படும் பாட்டைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். பெண்கள் அதே போல வங்கிக் கணக்கையும் மின்கட்டணம் கட்டுவதையும் இப்போதே கற்றுக்கொள்ளவேண்டும்.

9. உங்களைவிட இருபது வயது குறைந்தவர் ஒருவரோடாவது நட்பாக இருங்கள்.

பூங்காவில் நம் வயதுக்காரர்கள் கூடினால் சர்க்கரை அளவும் மருமகளும் தவிர வேறு பேச்சு எழுவதில்லை. இளையவர்களோடு பழகினால் உலகம் எங்கே போகிறது என்று தெரியும். ஒரு நிபந்தனை உண்டு. அவர்கள் கேட்காமல் அறிவுரை சொல்லக்கூடாது. கேள்வி கேளுங்கள், அவர்கள் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள்.

10. மனம் சோர்ந்தே கிடந்தால் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூக்கம் இல்லை, பசி இல்லை, பிடித்த பாட்டும் பிடிக்கவில்லை என்றால் அது முதுமை இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டு குறைவோ, வைட்டமின் பி12 குறைவோகூட அப்படித்தான் காட்டும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் அவை தெரிந்துவிடும். பேச ஆள் இல்லாதவர்களும், வீட்டில் கொடுமைக்கு ஆளாகிறவர்களும் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணை அழைக்கலாம். அந்த எண்ணைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் எழுதிக் கொடுங்கள்.

11. முடிக்க நாள் போதாத அளவு பெரிய வேலை ஒன்றை எடுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய 1954இல் அவருக்கு வயது கிட்டத்தட்ட 68. உ.வே. சாமிநாதையர் 1919இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபோது சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் அச்சில் வந்திருந்தன. அந்தப் பெருமையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதன் பிறகு பெருங்கதையைப் பதிப்பித்தார். குறுந்தொகையை உரையோடு 1937இல் வெளியிட்டபோது அவருக்கு 82 வயது. 1940இல், 85ஐ நெருங்கும் வயதில், ஆனந்த விகடனில் வாராவாரம் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது பாதியில் நின்றது. முடியாத அந்த நூல்தான் இன்று அவர் எழுதியவற்றில் அதிகம் பேர் படிப்பது என்று நினைக்கிறேன். முடிப்போமா என்று பார்த்திருந்தால் அவர் தொடங்கியே இருக்கமாட்டார், நமக்கும் அது கிடைத்திருக்காது.

உங்கள் ஊரின் ஏரி வாய்க்கால் வரலாறு, குடும்பத்து வைத்தியக் குறிப்புகள், பாட்டி பாடிய தாலாட்டு, கோயில் கல்வெட்டு என்று எழுதப்படாமல் போகவிருக்கிறவை எவ்வளவோ இருக்கின்றன. செல்பேசியில் பேசிப் பதிவு செய்தாலும் போதும்.

என்ன செய்வது என்று இன்னும் தெரியாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் அரசுப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். பள்ளி விட்ட பிறகு ஐந்தாறு பிள்ளைகளை உட்காரவைத்துத் தமிழ் வாசிக்கவோ வகுத்தல் கணக்குப் போடவோ சொல்லித்தர முடியும் என்று சொல்லுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் அப்படி ஓர் ஆளுக்குக் காத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை கொடுத்தால் போதும்.